ஆவணப்படமும் பின்னணிக் குரலும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

தருமபுரியில் எடிட்டிங் செய்பவர்

கல்யாண வீடியோதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் முகூர்த்தம் இல்லாத நாட்களில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகள் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி வருட புராஜெக்ட், ஆவணப்படம். பெரும்பாலும் எக்ஸ்போசிட்டரி வகைதான். படத்துக்கு மேலே ஒரு குரல் ஓடும், நடுநடுவே அதிகாரியோ பேராசிரியரோ பேசும் பைட் (சின்னப் பேட்டித் துண்டு), ஒரு மேப், இரண்டு புள்ளிவிவரம், கடைசியில் ஒரு கோரிக்கை. அப்படிப் படம் எடுத்தவர்கள், அதில் பேட்டி கொடுத்தவர்கள், அந்தப் படங்களில் தங்கள் ஊரைப் பார்த்தவர்கள் எல்லாரும் அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றுதான் இந்த உரையாடலைத் தொடங்குகிறேன்.

முதலில் என் பங்கு. தருமபுரியைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் ஆரம்பம் ஒன்றுதான்: ஒகேனக்கல் அருவியின் ட்ரோன் ஷாட், அதன்மேல் கனத்த குரலில் "அதியமான் ஆண்ட தகடூர், ஔவைக்கு நெல்லிக்கனி தந்த மண்..." படம் குடிநீரைப் பற்றியதாக இருக்கும், கேழ்வரகைப் பற்றியதாக இருக்கும், பஸ் வராத மலைக்கிராமத்தைப் பற்றியதாகக்கூட இருக்கும். நெல்லிக்கனி மட்டும் தவறாது. அந்தக் குரலும் இவர்களுடைய குரல் அல்ல. 1948-இல் தொடங்கிய மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன், தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் போட்ட செய்திப்படங்களின் குரல் அது. அந்தப் படங்களை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் குரல் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. கேமரா கனமானது, வெளியில் போய் படத்தோடு சேர்த்து ஒலியைப் பதிவதும் பெரும்பாடு. அதனால் படத்தை எடுத்து வந்து ஸ்டூடியோவில் குரலைச் சேர்த்தார்கள். 1960-ஐ ஒட்டி, தோளில் தூக்கும் கேமராவும் கூடவே ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான், யாரும் விளக்காமல் நடப்பதை அப்படியே பார்க்கிற படங்கள் பெருகின. ஆவணப்படங்களை ஆறு வகையாகப் பிரித்த பில் நிக்கோல்ஸின் பாடத்தை இவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "ஏன் எக்ஸ்போசிட்டரி?" என்று கேட்டால், "அண்ணா, சட்டையில குத்துற லேபல் மைக் இல்லை, காற்றுச் சத்தம்தான் வந்திருக்கு, அதனால வாய்ஸ் ஓவர் போட்டுக்கலாம்னு..." என்கிறார்கள். எனக்கு வருத்தம் இங்கேதான். இந்த வகைப் படம், ஒலியில் விழுந்த ஓட்டையை அடைப்பதற்காக வந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நிரூபிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது: ஃப்ளோரைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. போர் தண்ணீரை டம்ளரில் பிடித்து எத்தனை மணி நேரம் ஷூட் பண்ணினாலும் அது வெறும் தண்ணீர்தான். அங்கே ஒரு குரல் வந்து சொல்லியே ஆகவேண்டும்: பாறைக்குள் இருக்கும் கனிமங்களிலிருந்து இது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதில் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா சொல்லாது.

பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை ஒன்று இதை வைத்துத்தான் படம் எடுத்தது. அது இங்கே இருக்கிறது, அதுவே சொல்லட்டும்.

பென்னாகரம், விஸ்காம் மாணவி

நன்றி அண்ணா. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த படம். எங்கள் முதல் ஸ்கிரிப்டில் பல் ஷாட்டுகள்தான் நிறைய இருந்தன. ஃப்ளோரைடால் பழுப்புக் கோடு விழுந்த பற்களின் க்ளோசப், அதன்மேல் வாய்ஸ் ஓவர். இந்த மாதிரிப் படங்களில் அதுதான் வழக்கம்.

ஒரு வீட்டில் எட்டாவது படிக்கும் ஒரு பெண். நன்றாகப் பேசினாள், ஆனால் சிரிப்பு வந்தால் உடனே புறங்கை வாய்க்குப் போய்விடும். எங்கள் கேமராமேன் "கையை எடுத்துட்டு ஒரு தடவை சிரிம்மா" என்றான். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "தண்ணிய எடுத்துக்கோ, குழாய எடுத்துக்கோ, என்னைய வேணும்னாலும் எடுத்துக்கோ. எம்புள்ள பல்ல எடுக்காத சாமி, நாளைக்கு இத ஊரே பாக்கும்" என்றார். அதற்கு மேல் அங்கே என்ன பேசுவது?

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஸ்கிரிப்டை மாற்றினோம். பல்லை ஆதாரமாகக் காட்டாமல் தண்ணீரையே காட்டுவது என்று முடிவு செய்தோம். சோதனைக் கிட் ஒன்று கிடைத்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டால் நிறம் வரும். ஃப்ளோரைடு குறைவு என்றால் இளஞ்சிவப்பு, கூடக் கூட மஞ்சள் பக்கம் போகும். அந்தம்மா வீட்டு அடிபம்பில் பிடித்த தண்ணீர், பக்கத்தில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீர். இரண்டு குழாயும் ஒரே ஃப்ரேமில், கட் இல்லாமல் எடுத்தோம். ஒன்று இளஞ்சிவப்பாக நிற்கிறது, இன்னொன்று கண்ணெதிரே மஞ்சளாகிறது. வாய்ஸ் ஓவர் அந்த இடத்தில் எந்தக் குழாய் எது என்று மட்டும் சொல்லும்.

பல் மருத்துவர் ஒருவரின் பேட்டியும் இருக்கிறது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் இந்தக் கறையைத் தீர்மானிக்கிறது, அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் விழுந்த கறை தானாகப் போகாது என்றார். இதைச் சொல்ல ஒரு குழந்தையின் வாயைத் திறந்து காட்டத் தேவையே இல்லை. அவர் தாளில் பல்லை வரைந்து காட்டினார், அதையே எடுத்துக்கொண்டோம். குரலும் ஆதாரமும் பாரத்தைச் சுமப்பதால் பாதிக்கப்பட்டவரின் முகத்தை விட்டுவிடலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்போசிட்டரி வகையைப் பழசு என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தருமபுரியில் எடிட்டிங் செய்பவர்

இந்தப் படத்தின் எடிட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் வரும் நோய்) தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள், ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் முடித்து 2013-இல் திறந்தார்கள். இது பதிவில் உள்ள தகவல், குரல் தாராளமாகச் சொல்லலாம். அடுத்து ஸ்கிரிப்டில் "இத்திட்டம் வந்த பின் தருமபுரியில் இந்நோய் ஒழிந்தது" என்று ஒரு வரி. அதற்கு ஷாட், ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில். தங்கைக்குக் கறை இல்லை.

"இது ஒரு வீடும்மா, மாவட்டம் இல்லை" என்றேன். படம் எப்போதும் ஒரு வீட்டை, ஒரு மனிதரை, ஒரு குழாயைத்தான் காட்டும். குரல் "மாவட்டம்", "மக்கள்", "விவசாயிகள்" என்று பேசும். ஒற்றை ஷாட்டுக்கு மேல் "மக்கள்" என்று சொன்னதும் பார்ப்பவர் அந்த ஒருவரை எல்லாருக்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். இந்த வகைப் படத்தின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வரியை மாற்றினார்கள்: "இந்த வீட்டில் இப்போது குடிப்பது காவிரித் தண்ணீர்." அவ்வளவுதான். எனக்கு அந்த வரியின்மேல் முழு நம்பிக்கை இருக்கிறது.

போச்சம்பள்ளி பக்கம், மாந்தோப்புக்காரர்

எங்கள் தோப்பிலும் மாணவர்கள் வந்து படம் எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள். படத்தைக் கல்லூரியில் திரையிட்டபோது என்னையும் கூப்பிட்டார்கள்.

"கிருஷ்ணகிரி என்றாலே மாங்கனி" என்று ஆரம்பித்தது. சரி. பிறகு மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்துக்கு விலை இல்லாததைப் பற்றிக் குரல் பேசுகிறது. திரையில் ஓடுவது சேந்தூரா ரகம்! தோள் சிவந்து, உருண்டையாக, எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் தின்பதற்கு வைத்திருந்த பழம். பெங்களூரா என்பது கிளிமூக்கு மாங்காய், நுனி வளைந்திருக்கும், மாம்பழ ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். அரங்கில் என்னோடு வந்திருந்த விவசாயிகள் நான்கு பேரும் அந்த இடத்திலேயே படத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு குரல் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. குரல் சொன்னது உண்மைதான், ஷாட்தான் பொய். எந்தக் காயைப் பற்றிச் சொல்கிறீர்களோ அந்தக் காயைக் காட்டுங்கள் தம்பி.

விலையும் அப்படித்தான். கிலோ இவ்வளவு என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். எந்த வருடம்? எந்த மாதம்? தோப்பு விலையா, மண்டி விலையா, ஆலை வாசல் விலையா? மே மாதத்து விலை வேறு, வரத்து குவிந்த பிறகு விலை வேறு. தேதி இல்லாத விலை எங்களுக்கு விலையே இல்லை.

ஆனால் ஒரு ஷாட்டை மனமாரப் பாராட்டுவேன். ஆலைக்கு வெளியே லோடு டிராக்டர்கள் வரிசை. வெயில். அடியில் இருக்கும் காய் நசுங்கி, டிரெய்லர் பலகை இடுக்கில் சாறு சொட்டுகிறது. டிரைவர் இறங்கி வந்து சாறு சொட்டும் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார், தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுகிறார், மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அதன்மேல் "வேதனையில் வாடும் விவசாயிகள்" என்று குரலை ஓட்டிவிட்டார்கள். நான் எழுந்து கேட்டேன்: அந்த இடத்தில் சும்மா இருக்கக் கூடாதா? விளக்குகிற குரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலை எப்படி விலை வைக்கிறது, ஏன் எல்லாரும் ஒரே வாரத்தில் அறுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள், அது எங்களுக்கே உதவும். வேதனையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அரூர் பக்கம், பெயர் வேண்டாம்

எங்கள் ஊர் எல்லையில் ஒரு நடுகல். மாடு பிடித்துப் போனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்காக நட்ட கல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்லே நிறைய உண்டு. எங்களுக்கு அவர் வேடியப்பன் சாமி. என் தாத்தாதான் பூசை செய்கிறார்.

ஒரு படத்தில் எங்கள் கல் வந்தது. "கவனிப்பாரற்றுக் கிடக்கும் வரலாற்றுச் சின்னம்" என்றது குரல். அதே ஃப்ரேமில் கல்லின் நெற்றியில் ஈரம் காயாத மஞ்சள், குங்குமம், காலடியில் உடைத்த தேங்காய் மூடி, பாதி எரிந்த கற்பூரம். அன்று காலையில் தாத்தா செய்த பூசை. படம் எடுத்தவர்களும் எடிட் செய்தவர்களும் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்திருப்பார்கள். வாக்கியம் முன்பே எழுதி முடித்தது, அவ்வளவுதான். பேராசிரியர் ஒருவர் மூன்று நிமிடம் கல்லைப் பற்றிப் பேசுகிறார், அதில் குறையே இல்லை, எனக்குத் தெரியாத பல விஷயம் சொன்னார். ஆனால் தாத்தாவுக்குப் பெயர்கூடப் போடவில்லை. பேராசிரியருக்குக் கீழே பெயர், பதவி எல்லாம் எழுத்தில் வருகிறது. தாத்தா வெறும் காட்சியாக வந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறார்.

போன் போட்டுச் சொன்னேன். வந்தார்கள், அதை மதிக்கிறேன். தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டார்கள். எந்தெந்தக் குடும்பம் எந்த மாதம் பொங்கல் வைக்கும், மாடு கன்று போட்டால் முதல் பால் யாருக்கு என்று அவர் சொன்னார். "பூசாரி" என்று அவர் பெயருக்குக் கீழே போட்டு, பேராசிரியருக்குக் கொடுத்த அதே நீளம் கொடுத்தார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. குரல் அதில் தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிட்டது.

பென்னாகரம், விஸ்காம் மாணவி

போச்சம்பள்ளி அண்ணா, தேதி விஷயத்தை இன்றைக்கே எங்கள் படத்திலும் பார்த்தேன். கிட் சோதனை எடுத்த தேதி படத்தில் எங்கேயும் இல்லை. போர் தண்ணீரில் அளவு காலத்துக்குக் காலம் மாறக்கூடியது, அதனால் தேதி வேண்டும்தான்.

எடிட்டர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. வாய்ஸ் ஓவரை நானே பேசலாமா? இப்போது இருப்பது ஒரு டப்பிங் ஆளின் குரல். வெட்டு விழாமல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தம்மாவிடம் போட்டுக் காட்டியபோது, "இது யாரு பேசுறது? இவரு எங்க ஊருக்கு வந்தாரா?" என்று கேட்டார்.

தருமபுரியில் எடிட்டிங் செய்பவர்

நீயே பேசு. "தண்ணி" என்று வாயில் வந்தால் "தண்ணி" என்றே இருக்கட்டும், எண்ணையும் அளவையும் மட்டும் நிதானமாகச் சொல். வெளிச்சத்தம் வராத அறையில், போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தால் போதும். சோதனைத் தேதியையும் ஊர்ப் பெயரையும் கிட் ஷாட்டின் கீழ் இடது மூலையில் போடலாம், நிறம் மாறி முடிகிற வரைக்கும் எழுத்து நிற்கட்டும். வரம்பு 1.5 என்று சொல்லும் இடத்தில் அது யாருடைய வரம்பு என்பதையும் சேர். நம் நாட்டுத் தரநிர்ணயத்தில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்று இரண்டு அளவு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கோடு வியாழக்கிழமை வா, அன்றைக்கு முகூர்த்தம் இல்லை.