தமிழ் விவிலிய மென்பொருளில் ‘தேவன்’ என்று தேடினால் ‘தேவனுடைய’ வராதது ஏன்?

கேள்வி (தங்கச்சிமடம்)

எங்கள் பங்கில் இளையோருக்கு வாரந்தோறும் விவிலிய வகுப்பு நடத்துகிறேன். அஞ்சல்வழியில் இறையியலும் படித்து வருகிறேன். காற்று பலமாக வீசும் நாட்களில் இணையம் நின்றுவிடுவதால், அது இல்லாமலும் இயங்கும் மென்பொருளே எனக்கு உதவும். இ-சுவோர்டு, லோகோஸ் இரண்டில் எதில் தொடங்கலாம்? மேலும், தமிழ் விவிலியத்தில் ‘தேவன்’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் ‘தேவனுடைய’ என்ற சொல் வருவதில்லை. கோப்பில் பிழையா?

பதில் (மண்டபம்)

கோப்பில் பிழையில்லை, ஐயா. கணினிகள் இன்று பயன்படுத்தும் எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் ‘ன்’ என்பது ‘ன’வும் புள்ளியுமாக இரண்டு குறிகள், ‘தேவனுடைய’ என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் உகரக் குறி நிற்பதால் கணினிக்கு அது வேறு சொல்லாகிவிடுகிறது. சொல்லின் ஒரு பகுதியைத் தேடும் வசதியைத் தேர்ந்து, புள்ளியில்லாமல் ‘தேவன’ என்று தட்டுங்கள். ‘அன்பு’க்கு ‘அன்ப’ என்று கொடுத்தால் ‘அன்பினால்’ என்பதும் கிடைக்கும். ‘அன்பர்’ போன்றவையும் கலந்து வரும், அவற்றை நீங்களே கழிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ என்றே இருப்பதால், அங்கே ‘கடவுள’ என்று தேடுவதே சரி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பானால், முதலில் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

பதில் (தொண்டி)

விண்டோஸ் கணினிக்கு இ-சுவோர்டு இலவசம் என்பதால் அதில் தொடங்குங்கள். லோகோஸின் அடிப்படைப் பதிப்புக்கும் கட்டணமில்லை. ஆனால் நல்ல விளக்கவுரைகளைப் பெரும்பாலும் விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். தமிழுக்குப் பக்கத்தில், ஸ்ட்ராங் எண்கள் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட எண்கள்) கொண்ட ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். யோவான் 21இல், 153 மீன்கள் அகப்பட்ட பிறகு, இயேசு பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று முதல் இரு முறை கேட்கும் கிரேக்கச் சொல் அகபாவோ (எண் 25), மூன்றாம் முறை ஃபிலேயோ (எண் 5368). இந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை என்றாலும், கடலோரப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க இதைவிட ஏற்ற பகுதி எனக்குத் தெரியவில்லை.

பதில் (ஓரியூர்)

கத்தோலிக்க வகுப்பானால், பதிவிறக்கும் முன் 73 நூல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; 66 நூல்களோடு நிற்கும் கோப்புகளில் ‘சீராக்கின் ஞானம்’, ‘மக்கபேயர்’ ஆகிய நூல்கள் இருக்கமாட்டா. உங்கள் இறையியல் படிப்புக்காக, வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட கிரிமினாலி அடிகளார், எங்கள் ஓரியூரில் 1693இல் உயிர்நீத்த அருளானந்தர் ஆகிய இயேசு சபைக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்வதானால், அதற்கு விவிலிய மென்பொருள் போதாது. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை, மேற்கோள் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருளான ஸோட்டீரோவில் சேர்த்து, எந்த நூலின் எத்தனையாம் பக்கம் என்பதை அன்றே குறித்து வையுங்கள்.

கேட்டவர்

‘தேவன’ என்று தட்டினேன்; ‘தேவனுடைய’, ‘தேவனுக்கு’, ‘தேவனை’ எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. மிக்க நன்றி. ஞாயிறு வகுப்புக்கு யோவான் 21ஐயே எடுக்கிறேன்.