வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றக் குழுவில் கருத்துச் சொல்வது எப்படி? படைவீரர் பெயர் சூட்டலும் ஆம்புலன்ஸ் கட்டணமும்

பாத்தல்_வாசி:

வணக்கம் நண்பர்களே. ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் எங்கள் குடியிருப்புக் குழு, வரும் கூட்டத்தொடரில் இரண்டு விஷயங்களில் கருத்துச் சொல்ல விரும்புகிறது.

முதலாவது, எங்கள் பகுதியில் மாநில நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுக்கு மறைந்த படைவீரர் ஒருவரின் பெயர் சூட்டுவது. உறுப்பினர் அலுவலகத்தில் கேட்டபோது, "ஒரு ஜாயின்ட் மெமோரியல் கொண்டு வரலாம்" என்றார்கள். மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் நிற்கும் நினைவுச்சின்னங்களுக்கும் இதற்கும் ஒரே வழிமுறைதானா? எங்களில் சிலர் வளாகத்திலேயே கல் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது, அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ் கட்டணம் பற்றிய சட்டத் திருத்தங்கள். எங்களில் பலருக்கு கம்பெனி இன்சூரன்ஸ்தான்.

பாதிப்பேர் எச்1பி விசாவில் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் பேசலாமா? நேரில் போக வேண்டுமா? எத்தனை நிமிடம் தருவார்கள்? ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பேசினால் போதுமா?

ஒலிம்பியா_வழி:

முதலில் விசா கேள்வி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, வாக்காளராக இருக்க வேண்டியதும் இல்லை. ஊதியம் வாங்காமல் சொந்தக் கருத்தைச் சொல்பவர் லாபியிஸ்ட்டாக (சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுபவராக) பதிய வேண்டியதும் இல்லை. அந்தப் பயத்தில் யாரையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாவது திங்களன்று தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். ஒற்றைப்படை ஆண்டில் தேங்கிய மசோதா அடுத்த ஆண்டும் உயிரோடுதான் இருக்கும். அதனால் தேடும்போது இரண்டு ஆண்டையும் பாருங்கள். 60 நாள் தொடரில் கொள்கைக் குழுக்கள் மசோதாவைப் பரிசீலித்து அனுப்ப வேண்டிய கெடு நாலு வாரத்துக்குள் வந்துவிடும். கருத்துக் கேட்புக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு என்பது விதி என்றாலும், கெடு நெருங்கும்போது அதைத் தளர்த்திவிடுவார்கள். நோட்டீஸ் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது. மசோதா எண் தெரிந்த அன்றே சட்டமன்ற இணையதளத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்து வையுங்கள்.

பதிவு செய்யும் பக்கத்தில் குழு, தேதி, மசோதா மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகு மூன்று வழிகள் வரும்: பேசுவது (நேரிலோ ஜூமிலோ), எழுத்துப்பூர்வமாகக் கொடுப்பது, ஆதரவா எதிர்ப்பா என்ற நிலைப்பாட்டை மட்டும் பதிவு செய்வது. பேசவும் நிலைப்பாட்டைப் பதியவும் கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பதிவு மூடிவிடும். காலை 8 மணிக் கூட்டம் என்றால் 7 மணியோடு சரி. எழுத்துப்பூர்வக் கருத்துக்குக் கூட்டம் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம் உண்டு. பலர் தவறவிடுவது முதல் கெடுவைத்தான்.

ஜூம் இணைப்பு உங்கள் பெயருக்கே தனியாக வரும். அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். திரையில் தெரியும் பெயரும் பதிந்த பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால், அழைக்கும்போது ஊழியர்கள் உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். நேரில் போவதானால், கீழவைக் குழுக்கள் பெரும்பாலும் ஜான் எல். ஓ'பிரையன் கட்டடத்திலும், மேலவைக் குழுக்கள் ஜான் ஏ. செர்பெர்க் கட்டடத்திலும் கூடும்.

நேரத்தைக் குழுத் தலைவர்தான் முடிவு செய்வார். வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்குத் தயார் செய்துகொண்டு, அதிலேயே ஒரு நிமிடத்தில் நிறுத்தக்கூடிய இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் "எல்லோருக்கும் ஒரு நிமிடம்தான்" என்று அந்த இடத்திலேயே அறிவிப்பார்கள். அப்போது வேகமாக வாசித்துத் தள்ளினால் ஒரு வரிகூட உறுப்பினர் காதில் நிற்காது.

எத்தனை பேர் பேசுவது? என் கருத்தில் ஒருவர் பேசட்டும், மற்ற எல்லோரும் நிலைப்பாட்டைப் பதியட்டும். பத்துப் பேர் ஒரே வரிகளைச் சொன்னால் அது ஒரே கருத்தாகத்தான் ஊழியர்களின் மசோதா அறிக்கையில் சுருங்கும். அந்த அறிக்கையில் ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்று தொகுத்து எழுதுவார்கள். பேசியவர் பெயரும், பதிந்தும் பேச வாய்ப்புக் கிடைக்காதவர் பெயரும் அதில் வரும். பின்னால் மசோதாவைக் கையிலெடுக்கும் உறுப்பினர்களும் ஊழியர்களும் கூட்டத்தின் காணொளியை முழுக்கப் பார்ப்பதைவிட இந்த அறிக்கையைத்தான் படிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. எழுதிக் கொடுப்பது பொது ஆவணம். ஆஸ்பத்திரி பில்லை ஸ்கேன் செய்து கணக்கு எண், பிறந்த தேதியோடு அனுப்பாதீர்கள்.

கல்லும்_பெயரும்:

பாலத்துக்குப் பெயர் வைப்பதும் வளாகத்தில் கல் வைப்பதும் முற்றிலும் வேறு வேறு பாதை. இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜாயின்ட் மெமோரியல் என்பது இந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு கோரிக்கையை நிறைவேற்றி இன்னொரு அமைப்புக்கு அனுப்பும் ஆவணம். அது சட்டம் ஆகாது, ஆளுநர் கையெழுத்தும் இல்லை. கீழவையில் இவை எச்.ஜே.எம். 4000 முதலும், மேலவையில் எஸ்.ஜே.எம். 8000 முதலும் எண்ணிடப்படும். 1000, 5000 வரிசையில் மசோதாக்களை மட்டும் தேடினால் உங்கள் பாலம் கண்ணில் படாது.

மாநில நெடுஞ்சாலை, பாலம், ஃபெரி ஆகியவற்றின் பெயரை இறுதியாக முடிவு செய்வது வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்து ஆணையம். சட்டமன்றம் கேட்டுக்கொள்ளும், ஆணையம் தீர்மானிக்கும். உங்கள் கவுண்டிக்காரர் ஒருவரே இதற்கு நல்ல முன்னுதாரணம். எஸ்.ஆர். 99 என்ற மாநில நெடுஞ்சாலைக்கு வில்லியம் பி. ஸ்டூவர்ட் பெயர் வந்தது இப்படித்தான். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டு, பின்னர் ஸ்னோஹோமிஷில் குடியேறிய கறுப்பினப் படைவீரர் அவர். அந்தப் போரில் எதிர்த்தரப்பான தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் பெயரை அந்தச் சாலையிலிருந்து நீக்க 2002-இல் நடந்த முயற்சி கீழவையைத் தாண்டி மேலவையில் நின்றுபோனது. 2016-இல் எச்.ஜே.எம். 4010 நிறைவேறி, ஆணையமும் ஒப்புதல் தந்த பிறகுதான் புதிய பெயர் நிலைத்தது.

ஆக நீங்கள் இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்பைத் தயார் செய்யுங்கள். சாலை எண், மைல்போஸ்ட், பாலத்தின் இரு எல்லை, படைவீரரின் சேவைப் பதிவு, குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம், நகர மன்றம் அல்லது கவுண்டி மன்றத்தின் தீர்மானம், உள்ளூர் அமைப்புகளின் கடிதங்கள். ஆணையம் முக்கியமாகப் பார்ப்பது உள்ளூர் ஆதரவு இருக்கிறதா என்பதை. குடும்பத்தைக் கேட்காமல் ஆரம்பித்த முயற்சி நடுவில் நின்றால் எல்லோருக்கும் மனவருத்தம். அதனால் சம்மதக் கடிதம்தான் முதல் தாளாக இருக்க வேண்டும். இன்னொன்று, பாலம் மாநிலத்துக்குச் சொந்தமா, கவுண்டிக்கா, நகரத்துக்கா என்று உறுதி செய்யுங்கள். கவுண்டிப் பாலம் என்றால் ஒலிம்பியாவுக்கே போக வேண்டாம்.

வளாகத்தில் கல் வைப்பது நீண்ட வேலை. நிலத்தைப் பராமரிப்பது என்டர்பிரைஸ் சர்வீசஸ் துறை. வடிவமைப்பு ஆலோசனைக் குழு, ஸ்டேட் கேப்பிட்டல் கமிட்டி இரண்டின் பார்வைக்கும் போகும். மாநிலப் பணம் சேர்ந்தால் மசோதா கட்டுமானச் செலவுக்கான கேப்பிட்டல் பட்ஜெட் பக்கமும் போகும். கூடவே, 2021-இல் ஆளுநர் பிறப்பித்த 21-02 உத்தரவின்படி தொல்லியல் துறையோடும் பழங்குடி அரசுகளோடும் கலந்தாலோசிக்க வேண்டும். வியட்நாம் நினைவுச்சின்னம் 1987-லும், கொரியப் போருக்கானது 1993-லும், இரண்டாம் உலகப் போருக்கானது 1999-லும் அங்கே திறக்கப்பட்டன.

பெயர் பொறிக்கும் சின்னத்தில் சிக்கல் வருவது பட்டியலில்தான். "வாஷிங்டன்காரர்" என்றால் யார்? இங்கே பிறந்தவரா, இங்கே படையில் சேர்ந்தவரா, பாதுகாப்புத் துறைப் பதிவில் 'ஹோம் ஆஃப் ரெக்கார்ட்' என்று இந்த மாநிலம் குறிக்கப்பட்டவரா? மூன்றுக்கும் மூன்று பட்டியல் வரும். இங்கே வளர்ந்து வேறு மாநிலத்தில் பணியில் சேர்ந்த ஒருவர், வரையறையில் ஒரே ஒரு சொல் மாறினால் விடுபட்டுப் போவார். அவருடைய தாய் அந்தக் கல்லின் முன்னால் வந்து பெயரைத் தேடுவார். குழுவில் பேசும்போது இந்த வரையறையைத்தான் கேளுங்கள். யார் முடிவு செய்வது, விடுபட்ட பெயரைச் சேர்க்க என்ன வழி, அதற்குக் கல்லில் இடம் விட்டிருக்கிறதா, ஆண்டுப் பராமரிப்பு யார் பொறுப்பு, இவை மசோதாவிலேயே எழுதப்பட வேண்டும். வடிவமைப்பு எவ்வளவு அழகானது என்று பேசி நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அவசரப்_பிரிவு:

ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சட்டம் எதைத் தொடுகிறது என்று தெரியாமல் போனால், "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற ஒரே பதிலோடு உங்கள் இரண்டு நிமிடம் முடிந்துவிடும்.

எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பணம் கேட்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்பது 1986-இன் எம்டாலா. அது மத்திய சட்டம். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டமும் மத்திய சட்டம்தான். எமர்ஜென்சி சிகிச்சைக்கும் ஏர் ஆம்புலன்ஸுக்கும் அது பாதுகாப்புத் தருகிறது, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. அந்த ஓட்டையை இந்த மாநிலம் எஸ்.பி. 5986 மூலம் 2024-இல் அடைத்தது. 2025 ஜனவரி 1 முதல் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் (ஒப்பந்தப் பட்டியலில்) இல்லாத ஆம்புலன்ஸும், இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சக் கட்டணத்தை நோயாளியிடம் கேட்கக் கூடாது. இன்சூரன்ஸ் தர வேண்டிய தொகை, உள்ளாட்சி அமைப்பு நிர்ணயித்த கட்டணம். அப்படி எதுவும் இல்லையென்றால் மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) விகிதத்தின் 325 சதவீதம் அல்லது பில் தொகை, இரண்டில் எது குறைவோ அது.

இப்போது உங்கள் குழுவுக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம். பெரிய டெக் கம்பெனிகளின் திட்டங்கள் பல செல்ஃப் ஃபண்டட். கார்டில் பிரபல இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும், ஆனால் பணம் கொடுப்பது உங்கள் முதலாளி, அந்தக் கம்பெனி நிர்வாகம் மட்டுமே. முதலாளிகள் தரும் பெனிஃபிட் திட்டங்களுக்கான 1974-இன் எரிசா என்ற மத்திய சட்டப்படி அத்திட்டங்களை மாநிலம் கட்டுப்படுத்த முடியாது. மாநிலப் பாதுகாப்பில் அவை தாமாக விருப்பம் தெரிவித்துச் சேரலாம். சேர்ந்தவற்றின் பட்டியல் மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் தளத்தில் இருக்கிறது. எச்.ஆரிடம் கேளுங்கள், அல்லது திட்ட விளக்கக் கையேட்டில் 'செல்ஃப் ஃபண்டட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எமர்ஜென்சி அறைப் பில்லுக்கு மத்திய சட்டம் காக்கும். சாலை ஆம்புலன்ஸுக்கு, முதலாளி சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு. இப்படிப்பட்டவர்கள் சட்டமன்றக் குழுவில் முறையிடுவதோடு நிறுத்தாமல், "மாநிலப் பாதுகாப்பில் சேருங்கள்" என்று கம்பெனி பெனிஃபிட்ஸ் பிரிவுக்கு எழுத வேண்டும். பலன் அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும்.

ஆஸ்பத்திரி லைசென்சும் பலத்த காயங்களுக்கான டிராமா மையத் தரநிலையும் (ஒன்று முதல் ஐந்து வரை) மாநிலச் சுகாதாரத் துறையிடம். சாரிட்டி கேர் என்ற கட்டணத் தள்ளுபடி உதவியைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் 2022-இன் எச்.பி. 1616 விரிவாக்கியது. வருமானம் மத்திய வறுமைக் கோட்டின் 300 சதவீதம் வரை இருந்தால் முழுத் தள்ளுபடி. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கான சட்டம், ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறவர்கள் நிறைய.

பாத்தல்_வாசி:

மிகவும் நன்றி. எங்களில் மூன்று வீட்டில் கையேட்டைப் பார்த்தோம், மூன்றுமே செல்ஃப் ஃபண்டட். இன்னும் இரண்டு சந்தேகம். அட்டவணையில் ஒரு மசோதாவுக்கு "எக்ஸிகியூட்டிவ் செஷன்" என்று போட்டிருக்கிறார்கள். அதில் பேசலாமா? பேச்சை எப்படித் தொடங்குவது?

ஒலிம்பியா_வழி:

எக்ஸிகியூட்டிவ் செஷன் என்றால் குழு திருத்தங்களை எடுத்து வாக்களிக்கும் நேரம். எல்லோரும் பார்க்கலாம், மாநில அரசு நிகழ்வுகளை ஒளிபரப்பும் டி.வி.டபிள்யூ.வில் நேரலையும் உண்டு, ஆனால் யாரும் பேச முடியாது. அதற்கு முந்தைய நாளே குழு உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் முன்மொழியப்பட்ட மாற்று மசோதா ஏதும் வந்திருக்கிறதா என்று மின் ஆவணப் பக்கத்தில் பாருங்கள். பழைய வடிவத்தின் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசினால் கேட்பவருக்கு ஒன்றும் பொருந்தாது.

பேச்சின் சாரம் இப்படி இருக்கட்டும். "தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே, பதிவுக்காக என் பெயர் இன்னது, ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் வசிக்கிறேன். இந்த மசோதாவை ஆதரிக்கிறோம், ஒரு திருத்தம் கேட்கிறோம். மூன்றாம் பிரிவில் பெயர்ப் பட்டியலுக்கான தகுதியில், இங்கே பள்ளிப்படிப்பை முடித்தவரையும் சேர்க்க வேண்டும்." பிறகு காரணம் இரண்டு வாக்கியம், நன்றி, அவ்வளவுதான். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எழுத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்லி அன்றே அனுப்புங்கள்.

மசோதா நிதிக் குழுவுக்குப் போனால் மறுபடியும் பதிய வேண்டும். அங்கே செலவைப் பற்றி மட்டும் பேசச் சொல்வார்கள், ஆகவே முன்கூட்டியே நிதிக் குறிப்பை (மசோதாவின் செலவு மதிப்பீட்டை) படித்துவிடுங்கள். ஓர் அவையில் நிறைவேறி அடுத்த அவைக்குப் போனதும் எல்லாம் முதலிலிருந்து வரும். முதல் அவையில் பதிந்தது தானாகக் கூட வராது.

அவசரப்_பிரிவு:

ஒன்று சேர்க்கிறேன். சட்டம் நிறைவேறியதும் கலைந்துவிடாதீர்கள். அவசர சிகிச்சையில் நடைமுறை விவரம் பெரும்பாலும் சுகாதாரத் துறையோ இன்சூரன்ஸ் கமிஷனரோ எழுதும் விதிகளில்தான் வரும். சி.ஆர்.-101 என்பது விதி எழுதப்போகிறோம் என்ற அறிவிப்பு, சி.ஆர்.-102 வரைவு, சி.ஆர்.-103 இறுதி விதி. வரைவு மாநில ரிஜிஸ்டரில் வெளியாகிக் குறைந்தது 20 நாள் கழித்துத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். இறுதி விதி பொதுவாகப் பதிவான 31-ஆம் நாள் நடப்புக்கு வரும்.

சட்டமன்றக் குழு உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. விதி எழுதும் துறை கடமைப்பட்டது. வந்த கருத்துகளைத் தொகுத்து, எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதனால் சி.ஆர்.-102 கட்டத்தில், "இந்த உட்பிரிவில் இந்த வரியை இப்படி மாற்றுங்கள்" என்று மாற்று வாசகத்தையே எழுதி அனுப்புங்கள். பொதுவாகக் குறை சொன்னால் பொதுவான பதிலே வரும். வாசகத்தைக் கொடுத்தால் அந்த வாசகத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும்.