கொழுந்து மடுவச் சுவரோவியத்தைக் காப்பாற்ற வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தின் பழைய கொழுந்து மடுவம் (பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) அடுத்த மழைக்காலத்துக்கு முன் இடிக்கப்படவிருக்கிறது. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக மலைக்கு நடந்து வந்தவர்களின் வரிசையை எங்கள் தாத்தாமார் அதன் உட்சுவரில் எண்ணெய் வர்ணத்தால் வரைந்திருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் தலையில் அம்மிக் குழவியைச் சுமந்து வரும் பெண்ணின் ஒரு கால் மட்டும் ஏனோ வரையப்படவே இல்லை.

அவ்வோவியத்தைப் பெயர்த்தெடுத்து, கம்பளைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்றதோர் இடத்தில் வைக்க விரும்புகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே காக்கிறது. எங்கள் மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதே அதற்குப் பின்னர் என்பதால், அந்தக் கதவை நாங்கள் பெரிதாக நம்பவில்லை.

சுண்ணச்சாந்துச் சுவரின் அடிப்பகுதியை யாரோ நல்லெண்ணத்தில் சீமெந்தால் பூசிவிட, ஈரம் வெளியேற வழியின்றி மேலேறி, அங்கே உப்புப் பூத்து வர்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. ஓவியத்தின் மேல் மெல்லிய தாளைப் பசையால் ஒட்டி, வர்ணப் படலத்தை மட்டும் உரிப்பதும், சாந்தோடு சேர்த்து அறுத்தெடுப்பதும் என இரு முறைகள் உள்ளதாக அறிகிறோம். உப்பேறிய எங்கள் சுவருக்கு எது பொருந்தும்? இத்துறையில் கைப்பழக்கமுள்ள எவரையேனும் அறிந்தவர்கள் தயவுசெய்து உட்பெட்டியில் தெரிவியுங்கள். மடுவத்தின் பழைய புகைப்படங்கள் எவரிடமேனும் இருந்தால் அவையும் பெரிதும் உதவும்.