பச்சை மரக் கிண்ணம் வெடிக்கிறது, ஏன்?

கேள்வி:
மரம் கடையும் லேத் இயந்திரம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. புதிதாக வெட்டிய மாங்கட்டையில் 20 செ.மீ. அகலக் கிண்ணம் கடைந்தேன். ஈரச் சீவல் நாடா மாதிரி சுருண்டு முழங்கை வரை வந்து விழுந்தது, அவ்வளவு சுகம். மூன்றாம் நாள் விளிம்பிலிருந்து கீழே ஒரு வெடிப்பு. விளிம்பு 6 மி.மீ., அடி 25 மி.மீ. எங்கே தவறினேன்?

பதில் 1:
தடிமன் சீராக இல்லை. மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த இடம் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறியில்தான் மரம் கிழிகிறது. இரண்டு சுற்றாகக் கடையுங்கள். முதல் சுற்றில் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 செ.மீ. தடிமன், எல்லா இடத்திலும் விடுங்கள். நார் வெட்டுப்பட்ட முனைகளில் மெழுகு பூசி, காகிதப் பையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இரண்டாம் சுற்றுக் கடைசல். மாதக்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

பதில் 2:
விளிம்பில் எதிரெதிரே இரண்டு கரும்புள்ளி இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது! வெடிப்பு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

பதில் 2:
அது மரத்தின் நடுக்குருத்து, அதாவது தண்டின் நட்டநடு மையம். அடுத்த கட்டையை அதன் வழியே பிளந்து, குருத்துப் பகுதியை முழுதாக நீக்கிவிட்டுக் கடையுங்கள். அப்புறம், வெடித்த கிண்ணத்தை மறுபடி லேத்தில் ஏற்ற வேண்டாம். சுழலும்போது சிதறி முகத்தில் அடிக்கும்.