பிரிட்டனில் படித்துக்கொண்டே வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்கிறார்கள், நம்பலாமா?

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
வணக்கம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். தங்கை கோயம்புத்தூரில் பி.காம். முடித்திருக்கிறாள், செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்ஸி. சேர ஆஃபர் வந்திருக்கிறது, லண்டன் இல்லை, வடக்கே ஒரு ஊர். பாலக்காட்டில் ஒரு ஏஜென்சியில் போய்க் கேட்டோம். முதல் தவணையை மட்டும் கட்டுங்கள், மீதி ஃபீஸை அவளே அங்கே பார்ட் டைம் பார்த்துக் கட்டிவிடுவாள் என்று அடித்துச் சொல்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து அப்பா தென்னந்தோப்புப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டப்படி வேலை பார்க்கலாமா, எவ்வளவு நேரம்? பெரியப்பா மகன் கனடாவில் இருக்கிறான், அவன் வாரம் 24 மணி நேரம் என்கிறான், ஏஜென்சி 20 என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் பேங்குக்குப் போகணும்.

மீனாட்சிபுரம்_அக்கா:
தம்பி, நான் அங்கே படித்து, வேலையும் பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், நாடு வேறு என்பதால் கணக்கு வேறு. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். பிரிட்டனில் டிகிரி, அதற்கு மேல் படிப்பவர்களுக்கு பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 20, இந்த வாரம் 12 பார்த்தேன், அடுத்த வாரம் 28 பார்க்கிறேன் என்று சராசரி போட முடியாது.

இப்போது பணக் கணக்கு. 2025 ஏப்ரலில் 21 வயதானவர்களுக்கு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. 20 மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் வாரம் 244 பவுண்டு, மாதத்துக்கு ஏறக்குறைய 1,058. அதே 2025 தொடக்கத்தில் விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே படிப்பவர் சாப்பாடு, வாடகைக்கு மாதம் 1,136 பவுண்டு கையில் காட்ட வேண்டும் என்று அந்த அரசாங்கமே வைத்தது. அதாவது ஒரு வாரம் விடாமல் வேலை பார்த்தாலும் அவர்களே போட்ட வயிற்றுச் செலவுக்குக்கூட எட்டவில்லை, இதில் ஃபீஸ் எங்கிருந்து வரும்? போன உடனே வேலை கிடைப்பதும் இல்லை. கடை, ஓட்டல்களில் பெரும்பாலும் இத்தனை மணி நேரம் தருகிறோம் என்று உறுதி இல்லாத ஒப்பந்தம்தான், கூட்டம் இல்லாத வாரம் ஒரே ஒரு ஷிஃப்ட் போடுவார்கள். அந்த ஏஜென்சி சொன்னது பிள்ளையைக் கடனில் தள்ளும் பேச்சு. எனக்கு ரொம்பக் கோபம் வருகிறது, ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஃபீஸ் கட்ட முடியாமல் பாதியில் நின்று தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

குமுளி_ராஜா:
அக்கா சொன்னதோடு ஒன்று. மற்ற நாடும் யோசிக்கிறீர்கள் என்றால் ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கோர்ஸ் தொடங்குவதற்கு முன்னால் வேலையே பார்க்கக் கூடாது. ஜெர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லை, அதனால் வேலைப் பணம் வீட்டுச் செலவுக்கு ஓரளவு உதவும். அமெரிக்காவில் முதல் வருடம் கேம்பஸுக்கு உள்ளேதான், வெளியே கடையில் நிற்க அனுமதி கிடையாது.

சித்தூர்_வங்கியாளர்:
கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தோப்பை வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கத்தான் செய்யும். ஆனால் முதல் தவணைக்கு மட்டும் கடன் போடாதீர்கள். முழு ஃபீஸ், ஒரு வருட வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், அந்தத் தொகை உங்கள் அப்பாவால் தாங்க முடியுமா என்று அப்போதுதான் தெரியும். படிக்கும் காலத்திலும் அதற்கப்புறம் ஒரு வருடமும் வழக்கமாகத் தவணை கட்டத் தேவையில்லை, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தங்கை அங்கே சம்பாதிப்பதை இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். அப்பாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகம். கோடை லீவில் முழு நேரம் பார்க்கலாம் என்றும், சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்தால் நேரக் கணக்கே வராது என்றும் ஏஜென்சியில் சொன்னார்கள். அது சரியா?

மீனாட்சிபுரம்_அக்கா:
இரண்டும் ஆபத்து தம்பி. மூன்று வருட டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் கோடை என்பது லீவு. ஒரு வருட மாஸ்டர்ஸில் அந்த மாதங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதணும், அதையும் பாடம் நடக்கும் காலமாகவே எடுத்துக்கொள்வார்கள், 20 மணி நேரம்தான். பல்கலைக்கழகம் போடுகிற தேதிப் பட்டியலில் எது லீவு என்று இருக்கும், அதைத்தான் பார்க்கணும். கோர்ஸ் முடிந்த தேதிக்கு அப்புறம் விசா மிச்சம் இருக்கும் வரை முழு நேரம் பார்க்கலாம்.

டெலிவரி வேலை அதைவிட மோசம். ஆப்பில் ஓட்டுகிறவரை அங்கே சொந்தத் தொழில் செய்பவராகக் கணக்கு வைக்கிறார்கள், மாணவர் விசாவில் சொந்தத் தொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. அடுத்தவர் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டு என்று நம் ஆட்களே சொல்லித் தருவார்கள், மாட்டினால் விசா போகும், கட்டின ஃபீஸும் போகும். கையில் காசு தருகிறேன் என்று சொல்லும் கடையும் அப்படித்தான். அனுமதி இல்லாத ஆளை வைத்தால் முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் என்று 2024-இல் ஏற்றிவிட்டார்கள், அதனால் ஒழுங்கான முதலாளி அவரே மணி நேரத்தை எண்ணுவார், சம்பளச் சீட்டும் தருவார்.

தங்கையைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வேலை தேடச் சொல்லுங்கள், நூலகம், கேன்டீன், புது மாணவர்களுக்கு வழி காட்டுவது மாதிரி. மணி நேரம் மீறாமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பரீட்சை நேரத்தில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். ஏஜென்சியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மீதி ஃபீஸ் எந்தெந்தத் தேதியில் கட்டணும், தவறினால் என்ன செய்வார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே நேராக ஒரு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.