ஒரே குடும்பம், இரண்டு வகுப்பு: லவுஞ்சுக்குள் யார் யார் போகலாம்?

ஒருவருக்கு பிஸ்னஸ், மற்றவர்களுக்கு எக்கொனமி என்று டிக்கெட் எடுத்தால், விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் தனி இடமான லவுஞ்சுக்கு எல்லாரும் போக ஏலுமா? நான்கு ஊர்க்காரர் சொல்வது இது.

கல்முனை, டிக்கெட் வேலையில் இருப்பவர்:
“உம்மாக்கு முழங்கால் ஏலா, அவக்கு மட்டும் பிஸ்னஸ் போடுங்க, எங்களுக்கு எக்கொனமி காணும்” என்று கேட்டு வருபவர்கள் முதலில் அறிய வேண்டியது, டிக்கெட் பெரும்பாலும் இரண்டு பி.என்.ஆர். (முன்பதிவு இலக்கம்) ஆகத்தான் வரும் என்பது. விமானம் ரத்தானாலோ கனெக்ஷன் தவறினாலோ கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே அடுத்த விமானத்துக்கு மாற்றும். உம்மா இன்றைக்கு, பிள்ளைகள் நாளைக்கு என்று ஆகிவிடும். டிக்கெட் அடித்த கையோடு ஒவ்வொரு பி.என்.ஆரிலும் மற்றதன் இலக்கத்தைப் போட்டு, சேர்ந்து பயணிப்பவர்கள் என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். குறிப்பால் எதுவும் தானாக நடக்காது. ஆனாலும் கவுண்டரில் இருப்பவர் திரையில் அதைக் கண்டால் இருவரையும் ஒரே விமானத்தில் ஏற்றப் பார்ப்பார்.

வீல்செயாரையும் அப்போதே பதிந்துவிடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இமிக்ரேஷன் தாண்டும்வரை மகளும் கூடப் போகலாம். லவுஞ்ச் மேசையில் போர்டிங் பாஸை ஸ்கேன் பண்ணியதும் உம்மா உள்ளே, மகள் வெளியே. தனியாக இருக்க ஏலாத வயதானவர்களுக்கு இது பெரிய கஷ்டம்.

மட்டக்களப்பு:
அந்தக் கஷ்டத்துக்கு வழி இருக்கிறது. ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் இருக்கிறது, கட்டார் எயார்வேஸும் அதே கூட்டணிதான். அதன் விதிப்படி பிஸ்னஸ் பயணிக்குத் தனக்கு மட்டுமே அனுமதி, விருந்தினர் கிடையாது. ஆனால் ஸ்ரீலங்கனில் அடிக்கடி பறப்பவர்களுக்கான ஃபிளைஸ்மைல்ஸ் திட்டத்தின் கோல்ட் அல்லது பிளாட்டினம் கார்ட் உள்ளவர் எக்கொனமியில் பறந்தாலும் உள்ளே போகலாம், கூட ஒருவரையும் கூட்டிப் போகலாம். கிளாசிக் கார்டுக்கு இது இல்லை.

ஆகவே ஒரேயொரு பிஸ்னஸ் டிக்கெட் எடுப்பதென்றால் அதைக் கார்ட் இல்லாதவருக்குக் கொடுங்கள். அம்மா பிஸ்னஸ் டிக்கெட்டில் போவா, கோல்ட் கார்ட் வைத்த மகன் எக்கொனமியிலிருந்து போவார், மருமகள் அவருடைய விருந்தினர். மூன்று பேர் சேர்ந்திருக்கலாம். மாற்றிப் போட்டு மகனே பிஸ்னஸில் இருந்தால் இரண்டு பேரோடு முடிந்துவிடும். விருந்தினரும் அன்றைக்கு வன்வேர்ல்ட் விமானமொன்றில்தான் பறக்க வேண்டும். எமிரேட்ஸில் டுபாய் போகும் தம்பியைச் சேர்க்க ஏலாது. 2 வயது தாண்டிய பிள்ளையும் பொதுவாக விருந்தினர் கணக்குத்தான்.

அக்கரைப்பற்று:
மலிவான பிஸ்னஸ் டிக்கெட்டில் கவனம் வேணும் தம்பிமார். கட்டாரின் பிஸ்னஸ் லைட், எமிரேட்ஸின் பிஸ்னஸ் ஸ்பெஷல் இரண்டிலும் சீட் பிஸ்னஸ்தான், லவுஞ்ச் மட்டும் சேராது. காசு கட்டுவதற்கு முன் கட்டண வகையின் பெயரைக் கேளுங்கள், பிஸ்னஸ் என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வங்கிக் கார்டில் வரும் லவுஞ்ச் வசதிக்கு எந்த வகுப்பில் பறக்கிறீர்கள் என்பது பொருட்டில்லை. ஆனால் கூட வருபவருக்கு ஆளுக்கு இவ்வளவு டொலர் என்று பிறகு பில்லில் வரலாம். எத்தனை பேர் இலவசம் என்று வங்கியிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கார்ட் எதுவும் இல்லாத குடும்பத்துக்குக் காசு கட்டிப் போகும் லவுஞ்சே நல்லது, அம்மாவும் அங்கேயே எல்லாரோடும் இருக்கட்டும்.

களுவாஞ்சிகுடி:
நம்ம பக்கத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வேனில் வர 7, 8 மணித்தியாலம் எடுக்கும். பாதையில் எதும் நடக்கும் என்று பயந்து ஆட்கள் நேரத்தோடே வந்துவிடுவார்கள். ஆனால் பல லவுஞ்சுகள் விமானம் புறப்பட 3 மணித்தியாலத்துக்கு முன்தான் உள்ளே விடும். அதைவிட முந்தி வந்தால் வயதானவர்களுக்கு மருந்தும் சாப்பாடும் கையோடு இருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எக்கொனமியில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் பிஸ்னஸில் இருக்கப் பல நிறுவனங்கள் விடாது, ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். மடியில் வைக்கும் குழந்தையின் டிக்கெட் அதை வைத்திருப்பவரின் வகுப்பிலேயே இருக்க வேண்டும். பறக்கும்போது பிஸ்னஸில் இருப்பவர் பின்னால் வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகலாம். பின்னாலிருந்து முன்னுக்குப் போக அநேகமாக விடமாட்டார்கள். அம்மாவின் குளுசை, கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்னமே அவவின் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள்.