நிபோங் திபால், மின்னணுப் பொறியியல் 2-ஆம் ஆண்டு: விண்டோஸை விட்டு மேக்குக்கோ லினக்ஸுக்கோ போகலாமா?

நிபோங்_மாணவி

வணக்கம். என்னிடம் இருப்பது 2017 லேப்டாப்: ஐ5-7200யூ, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திறந்து வேலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்று செட்டிங்ஸிலேயே வருகிறது. அப்பா 4,000 ரிங்கிட் வரை தருகிறேன் என்கிறார். விடுதித் தோழிகள் மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறார்கள். சீனியர்கள் உபுண்டு (இலவச லினக்ஸ்) போட்டால் செலவே இல்லை என்கிறார்கள்.

பாடத்துக்கு இப்போது மேட்லேப் (கணக்கீடு), புரோட்டியஸ் (சர்க்யூட் வரைந்து சோதிப்பது), ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றும் சிறு போர்டு). அடுத்த ஆண்டு விவாடோ வரும்; எஃப்பிஜிஏ, அதாவது உள் இணைப்பை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்புக்கான மென்பொருள். தமிழில் அஞ்சல் முறையில் (ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து அடிப்பது) நிறைய தட்டச்சு செய்கிறேன். லேப்டாப்பை மாற்றுவதா, ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) மாற்றுவதா?

பாயான்பாரு_ரிப்பேர்

தங்கச்சி, மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் சந்தேகமே வேண்டாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன், 500 ஜிபி போதும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய இடத்திலேயே உட்காரும். எம்.2 ஸ்லாட் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடம்) இருந்தால் அவசரப்பட்டு என்விஎம்இ, அதாவது சாட்டாவைவிட வேகமான வகை, வாங்காதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப் சிலவற்றில் அந்த ஸ்லாட் சாட்டா மட்டும்தான் எடுக்கும். என்விஎம்இ சொருகினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பெயரே வராது. மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூடியைத் திறக்கும்போது பேட்டரியையும் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அல்லது க்ளிக் சரியாக விழாவிட்டால், பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். உங்களுடையது 7-ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது. படிப்புக்கு இருக்கிற ஒரே மெஷினில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஈஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும்.

சாலிடர்_ஸ்டேஷன்

ஓஎஸ்ஸை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கிறது. மீதமுள்ள நான்கைந்து செமஸ்டருக்கும் என்ன மென்பொருள் வேண்டும் என்று லேப் டெக்னீஷியனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மேட்லேப், கைகேட், ஆர்டுயினோ ஐடிஇ, பைதான் எல்லாம் மூன்று ஓஎஸ்ஸிலும் ஓடும். எல்டிஸ்பைஸ் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு. விவாடோ விண்டோஸிலும் லினக்ஸிலும் மட்டும், மேக்கில் இல்லை. புரோட்டியஸ், மல்டிசிம், சாலிட்வொர்க்ஸ் மூன்றுக்கும் விண்டோஸ் வேண்டும்.

“மேக்கில் பேரலல்ஸ் போட்டு (மேக்குக்குள் விண்டோஸ் ஓட்டும் மென்பொருள்) விண்டோஸ் ஓட்டலாமே” என்பார்கள். ஓடுவது ஏஆர்எம் விண்டோஸ், அதாவது ஏஆர்எம் வகைச் சிப்புக்கானது. இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதிய சாதாரண எக்ஸ்86 மென்பொருளை அது எமுலேட் செய்து ஓட்டிவிடும். டிரைவரை எமுலேட் செய்ய முடியாது. சர்க்யூட் வரையும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். எஃப்பிஜிஏ போர்டைச் சொருகி புரோகிராம் இறக்கும் நாளில், அந்த புரோகிராமருக்கு ஏஆர்எம் டிரைவர் இல்லையென்றால் போர்டு தெரியாது. மேக்கில் விண்டோஸை நேராக நிறுவும் பூட் கேம்ப், ஆப்பிளின் சொந்த சிப் போட்ட மேக்குகளில் (ஆப்பிள் சிலிக்கான்) கிடையாது. இன்டெல் மேக்கைப் பழையது வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள்: இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26 டஹோதான் கடைசி.

இதே காரணத்துக்காக, அதே ஏஆர்எம் வகையான ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பும் உங்களுக்கு வேண்டாம். பேட்டரி நன்றாக நிற்கும், கடையில் அதைத்தான் முன்னால் வைப்பார்கள். உங்கள் துறைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி.

பெங்குயின்_புலாவ்தீக்குஸ்

உபுண்டு போடச் சொன்ன சீனியர்கள் தவறாகச் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்கள். முதலில் 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற கருவி மூலம் உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஏற்றி, நிறுவாமல் ‘டிரை உபுண்டு’வில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, வெப்கேம், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த நான்கையும் சோதியுங்கள். ஒரு மாலை போதும்.

ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் என்றால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆன் ஆகியிருந்தால் பயாஸில் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்பே வேறு இடத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அமைப்பை அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுவதாக மூடுவதில்லை, லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுத விடாது. டிஸ்க்கைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். உபுண்டு இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் அது ரெய்டு முறையில் இருக்கும். ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு நேராக மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். விண்டோஸை சேஃப் மோடில் போகும்படி வைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, நம் ஊரில் எல்லாரையும் குழப்புவது: லினக்ஸ் லேப்டாப்பின் உள்கடிகாரத்தை யூடிசியாக (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். மலேசியா யூடிசி+8. அதனால் காலை 10 மணிக்கு விண்டோஸுக்குத் திரும்பினால் விடியற்காலை 2 என்று காட்டும். லினக்ஸிடம் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

லினக்ஸில் ஆர்டுயினோவுக்குப் புரோகிராம் ஏற்றும்போது அனுமதி மறுப்பு வந்தால் போர்டில் கோளாறு இல்லை. உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

தேர்வையும் மறக்காதீர்கள். தேர்வின்போது மற்ற எதையும் திறக்க விடாத சேஃப் எக்ஸாம் பிரௌசர், ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரௌசர் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஆன்லைன் தேர்வுக்கு அவற்றில் ஒன்றைக் கேட்டால் லினக்ஸ் மட்டும் இருக்கிற லேப்டாப்போடு நீங்கள் தவித்துப்போவீர்கள்.

நிபோங்_மாணவி

நன்றி அண்ணா, எல்லாருக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், டிஸ்க் 100-இலேயே நிற்கிறது. டச்பேட் சமமாக இருக்கிறது. அப்படியென்றால் எஸ்எஸ்டி போட்டு இதையே மூன்று ஆண்டு ஓட்டலாமா? தமிழ் எதில் வசதி?

பாயான்பாரு_ரிப்பேர்

இதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. விவாடோவுக்கு இரண்டு கோர் புரோசெசரும் 8 ஜிபியும் பத்தாது, சிந்தசிஸ் (வடிவமைப்பைச் சர்க்யூட்டாக மாற்றும் கட்டம்) ஓடும்போது ரேம் நிரம்பி, டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எஸ்எஸ்டி வீண் இல்லை. அதைப் பழையதில் போட்டு, அதில் உபுண்டுவை மட்டும் ஏற்றுங்கள். புதிதில் விண்டோஸ் 11 மட்டும். மேலே சொன்ன பூட் தொல்லை ஒன்றுகூட வராது, ஒன்று படுத்தால் இன்னொன்று கையில் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்.

பெங்குயின்_புலாவ்தீக்குஸ்

ஆமாம், அதுதான் சரி. புதிதில் லினக்ஸ் தேவைப்பட்டால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 இருக்கிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். யூஎஸ்பி போர்டு அதற்குள் தானாக வராது; யூஎஸ்பிஐபிடி என்ற கருவி போட்டுத்தான் உள்ளே இணைக்க முடியும்.

அஞ்சல்_விசை

தமிழுக்கு மேக் எளிது, அஞ்சலும் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையும் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸ் 11-இலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு. உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவி, லாக்அவுட் செய்தபின் கீபோர்டுப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். தமிழ்99-உம் ஒலிப்பு முறையும் வரும். ஒலிப்பு முறையில் சில எழுத்துகளுக்கு விசை அஞ்சலைப் போல இருக்காது, ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இதை மட்டும் வைத்து மேக் வாங்க வேண்டியதில்லை.

சாலிடர்_ஸ்டேஷன்

பினாங்கு கொம்தாரிலோ கோலாலம்பூர் லோ யாட்டிலோ, எங்கே வாங்கினாலும் விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள்: ரேம் மதர்போர்டில் சால்டர் செய்ததா, கழற்றி மாற்றும் ஸ்லாட்டா? 16 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி என்றால் பின்னால் 32 ஆக்கலாம். எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறையக் கூடாது. விவாடோவை முழுதாக நிறுவினால் 100 ஜிபிக்கு மேல் போகும். நிறுவும்போது உங்கள் போர்டின் சிப் குடும்பத்தை மட்டும் டிக் செய்தால் நிறையக் குறையும். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், அதை ரேமில் போடுங்கள். உள்ளூர் வாரண்டி இல்லாத இறக்குமதி செட் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

ரசீதை அப்பா பெயரில் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வாங்கும் கணினி வருமானவரியின் 2,500 ரிங்கிட் ‘வாழ்க்கைமுறை’ விலக்கில் சேரும். தெர்மல் தாளில் அச்சிட்ட ரசீது சில மாதத்திலேயே வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.